டிஸ்னிலேண்டும் அக்காவின் முட்டியும்

போன வருடம் பாரிசில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்காவையும் சேர்த்து 11 பேர் டிஸ்னிலேண்ட் போவதாக ஏற்பாடு. எங்கே தங்குவது என்பதில்தான் பஞ்சாயத்து.

பூங்காவை ஒட்டிய ஓட்டல்தான் வேண்டும் என்றார்கள் பேரப்பிள்ளைகள். அறைக்கு நாலு பேர் என்றால் மூன்று அறை, சமையலும் கிடையாது. தேவி க்ரோக்கெட் ரான்ச்சில் அடுப்போடு மரவீடுகள் உண்டு. ஆனால் கார் வேண்டும். அக்காவுக்குச் சர்க்கரை, முட்டிவலி வேறு. "நீங்க போய்ட்டு வாங்கடா, நான் வீட்லயே கெடக்கறேன்" என்றது.

அக்காவை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. வால் தெரோப்பில் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடு பார்த்தேன். அங்கிருந்து எர்-ஈ-எர் ரயிலில் அடுத்த நிறுத்தமே பூங்கா, அதுதான் கடைசி ஸ்டேஷன். வீட்டுக்கார அம்மாளுக்கு நானே போன் போட்டு, லிஃப்ட் உண்டா, மடக்கிய சக்கர நாற்காலி அதில் நுழையுமா என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட பிரெஞ்சு! மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளோ டேப் வைத்து அளந்தே சொன்னாள்.

மதியம் வரை பூங்கா, பிறகு வீட்டில் அக்காவுக்குத் தூக்கம். லா ஷப்பேலில் வாங்கிய இட்லி மாவு இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் தோசை.