கோட்டூர்புரத்தில் ஒரு ‘மாருத்’

பிர்லா கோளரங்கத்துக்கு ஸ்கூல் டூர் போய், இருட்டுல சுகமா தூங்கின ஞாபகம் இருக்கா? அதே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கு இன்னொரு தடவை போங்க பாஸ். அடையாறுலேர்ந்து பத்து நிமிஷம். இந்தத் தடவை நட்சத்திரத்துக்காக இல்ல, ‘மாருத்’துக்காக!

எச்.எஃப்-24 மாருத், இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். முதன்முதலா பறந்தது 1961 ஜூன் 17. வடிவமைச்சவர் ஜெர்மானியர் குர்ட் டாங்க். அவர் அதுக்கு முன்னாடி பாடம் நடத்தின இடம் எது தெரியுமா? நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி! அங்கே அவரிடம் படிச்ச ஒரு ராமேஸ்வரத்துப் பையன், வளாகத்தில் நின்ற இரண்டு பழைய விமானங்களையே சுத்திச் சுத்தி வந்தாராம். யாருன்னு சொல்லணுமா? அப்துல் கலாம்தான்.

ஒலியை மிஞ்சிப் பறக்கணும்னு வரைஞ்ச விமானம். பாவம், அதுக்கேத்த இன்ஜின் கடைசிவரை கிடைக்கல. நல்ல மார்க் எடுத்தும் சீட் கிடைக்காத கதைதான். ஆனாலும் 147 விமானங்கள் தயாராச்சு. 1971 போர்ல ராஜஸ்தான் எல்லையில் அடிச்சு ஆடுச்சு. 1990-ல் ஓய்வு.

ஓய்வுக்கு அப்புறம்தான் உண்மையான போரே. எதிரி, நம்ம கடற்காத்து. அலுமினியத் தகட்டில் ஸ்டீல் போல்ட் சேர்ற இடத்துல உப்பு ஈரம் தங்கினா, வெள்ளைப் பொடியா அரிக்க ஆரம்பிச்சிடும். மேலே பளபளன்னு பெயின்ட் அடிச்சா போதும்னு நினைக்கிறது பெரிய தப்பு. அரிப்பு உள்ளேயே வளரும். நல்ல தண்ணியில உப்பைக் கழுவணும். மழைத்தண்ணி வடியற ஓட்டைகளில் அடைப்பு எடுக்கணும். இன்ஜின் வாயில் குருவி கூடு கட்டாம மூடணும். பாரம் டயர்ல இறங்காம முட்டுக் கொடுக்கணும். ஏரோநாட்டிக்கல் படிக்கிறவங்களே, இதெல்லாம் சிலபஸ்ல இருக்கா?

கவனிச்சா என்ன ஆகும்? ஸ்கிராப் நிலைமையில் கிடைச்ச ஒரு டகோட்டா, இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் இந்தியாவுக்கே பறந்து வந்தது. கவனிக்காட்டி? 1910-ல் டி ஏஞ்சலிஸ் என்கிற மவுன்ட் ரோடு ஹோட்டல்காரர், சிம்சன் கம்பெனியில் விமானம் கட்டி, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். இன்னிக்கு அதைப் பார்க்கணும்னா எங்கே போவீங்க?

அதனால மாருத்தைப் பார்க்கப் போனா மேலே ஏறாதீங்க; இறக்கையில் ‘ஐ லவ் யூ ப்ரியா’ கிறுக்காதீங்க. ரிவெட் வரிசையில் வெள்ளைப் பொடி தெரியுதான்னு குனிஞ்சு பாருங்க. தெரிஞ்சா, நேரா அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க.