உரிந்து விழுந்த செங்கல் சுவர்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை. நல்லம்பள்ளியில் ஒரு குடும்பம் ஆன்லைனில் செங்கல் டிசைன் ஃபோம் ஷீட் வாங்கியது. படத்தில் கோட்டைச் சுவர் மாதிரி தெரிந்தது, கைக்கு வந்தபோது அப்பளம் போல மெல்லிசாக இருந்தது. ஆசை விடவில்லை, ராத்திரி உட்கார்ந்து ஹால் முழுக்க ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பாதிச் சுவர் தரையில் கிடந்தது. ஷீட்டின் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. அந்த வீட்டு அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் பசை ஒட்டுவது மேலே நிற்கும் பொடியில்தான், சுவரில் அல்ல. ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவருக்கும் இதே கதி. ‘எல்லாச் சுவருக்கும் பொருந்தும்’ என்று போட்டு விற்றது பெரிய தப்பு. இன்னொன்று, அடுப்பருகே இதை ஒட்டவே கூடாது; ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும்.

சுவரை முதலில் பக்குவப்படுத்த வேண்டும் என்பதற்கு நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு, அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழங்கால ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். அந்தக் காலத்து ஓவியர்கள் காரையைப் பூசி, தளத்தைப் பக்குவப்படுத்திய பிறகே வண்ணம் தொட்டார்கள்.

இந்த ஷீட் மாதிரி, விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். பில்லையும் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தயங்காமல் கூப்பிடுங்கள்.