ரிச்சி ஸ்ட்ரீட்டில் 20 மைக்ரோவோல்ட்!

எல்.ஐ.சி-ன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்னைக்குப் புதுசா வர்றவங்களுக்கு அண்ணா சாலையில் 1959-ல் திறந்த அந்த உயரமான கட்டடம். நம்ம ஈ.சி.இ., இ.ஐ.இ. மக்களுக்கு 'லீனியர் இன்டக்ரேட்டட் சர்க்யூட்ஸ்' பேப்பர். சிலருக்கு அதோட அரியரும்! இந்த ரெண்டு எல்.ஐ.சி-யும் கைகுலுக்குற ஏரியா ஒண்ணு இருக்கு பாஸ். அதே அண்ணா சாலையில் சிம்சன் பக்கமா நடந்து, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் திரும்பினா வரும் ரிச்சி ஸ்ட்ரீட்.

மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, நமக்கு ரிச்சி. பேரு என்னவோ ஒரு தெருதான். ஆனா நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துத்தான் எல்லாரும் 'ரிச்சி'ன்னு சொல்றாங்க. உள்ள நுழைஞ்சதும் ஒரு சத்தம் வரும் பாருங்க... ஸ்பீக்கர் டெஸ்ட் பண்றவர், "சார், சிசிடிவி வேணுமா?"ன்னு கூப்பிடுறவர், ஹாரனை விட்டுக் கையே எடுக்காத பைக், தலையில் பெட்டியோட "ஓரம் ஓரம்"னு வர்ற லோடு அண்ணன். இந்த இரைச்சலை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நாங்க நாலு பேரு போனது மினி ப்ராஜெக்ட்டுக்கு. ஐடியா என் ரூம்மேட்டோடது. திண்டுக்கல் பக்கம் அவன் ஊரு. அம்மா விடியறதுக்கு முன்னாடியே மல்லிகை பறிச்சு பூ மண்டிக்கு அனுப்புறாங்க. வீட்டுல போடுற எடைக்கும் மண்டியில் சொல்ற எடைக்கும் தினமும் ஒரு வித்தியாசம். வழியில் பூ காய்ஞ்சு ஈரம் குறையுதா, தராசு குறையுதா? சண்டை போடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஏன்னா வீட்டுல இருக்கறது பழைய ஸ்பிரிங் தராசு. முகூர்த்த நாள்ல கிலோ 2,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. 10 கிராம் போனா 20 ரூபாய் போச்சு. அதனால 10 கிராமைச் சரியா காட்டுற ஒரு மெஷின் வேணும்.

"தம்பி, லோட் செல்லா? எத்தனை கிலோ?" முதல் கடையிலயே கேட்டாங்க. 5 கிலோ வாங்கினோம். பார்க்க ஒரு சின்ன அலுமினியக் கட்டை, நாலு கலர் ஒயர், அவ்வளவுதான். உள்ள நாலு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச வீட்ஸ்டன் பிரிட்ஜா இணைச்சிருப்பாங்க. எடை வெச்சா கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். ரெசிஸ்டன்ஸ் துளியூண்டு மாறும். அதுதான் சிக்னல்.

எவ்வளவு துளி? நாங்க வாங்கினது 1 வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தர்ற வகை. 5 வோல்ட் கொடுத்தா, முழுசா 5 கிலோ வெச்சாலும் வர்றது 10 மில்லிவோல்ட். அப்போ 10 கிராம் பூவுக்கு? 20 மைக்ரோவோல்ட்! அன்னிக்கு ரேட்ல ஒரு மைக்ரோவோல்ட் ஒரு ரூபாய். எங்க டீம்ல ஒருத்தன் இதைக் கேட்டுட்டு, "மச்சி, இவ்ளோ காஸ்ட்லியான வோல்ட்டேஜை நான் பார்த்ததே இல்ல"ன்னான்.

'சின்ன சிக்னல்னா பெருசாக்கிட்டாப் போச்சு, ஒரு ஆப்-ஆம்ப் போதுமே'ன்னு தோணுதா? இங்கதான் மேட்டர் இருக்கு. பிரிட்ஜிலிருந்து வர்ற ரெண்டு சிக்னல் ஒயரும் தரையிலிருந்து பார்த்தா தனித்தனியா 2.5 வோல்ட்ல நிக்குது. நமக்கு வேண்டிய 20 மைக்ரோவோல்ட் அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம். லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மி. போதாததுக்கு சுவத்துல ஓடுற 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டும் ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி வந்து உட்காரும். ரிச்சி இரைச்சல்ல கடைக்காரர் சொல்ற விலை நம்ம காதுல விழணும், அவ்வளவுதான் பிரச்னை. ஒரு மைக் வெச்சு மொத்தத்தையும் சத்தமாக்கினா ஹாரனும்தான் சத்தமாகும். ரெண்டு ஒயர்லயும் பொதுவா இருக்கறதைக் கழிச்சுட்டு, மிச்சத்தை மட்டும் பெருக்கணும்.

அந்தக் கழித்தலை ஒரு 741, நாலு ரெசிஸ்டர் வெச்சே பண்ணலாம்னு லேப்ல போட்டிருப்பீங்க. கடைக் கவுன்ட்டர்ல இருந்த ஒரு பெரியவர் எங்க பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார். "ரெசிஸ்டர் எத்தனை பர்சென்ட் தம்பி?" ஒரு பர்சென்ட்னு சொன்னோம். "கணக்குப் போட்டுப் பாருங்க"ன்னு டீ குடிக்கப் போயிட்டார்.

போட்டோம். 500 மடங்கு பெருக்குற சர்க்யூட்ல நாலு ரெசிஸ்டரும் ஒரு பர்சென்ட் தப்பான பக்கமா விலகினா, அந்த 2.5 வோல்ட்ல சுமார் 200 மைக்ரோவோல்ட் கழியாம உள்ள புகுந்துடும். அதாவது தட்டு காலியா இருக்கும்போதே 100 கிராம் பூ! 'ஜீரோ பட்டனை அமுக்கினா சரியாயிடும்'னு நினைக்கலாம். வெயில் ஏற ஏற ரெசிஸ்டரும் மாறும், ஜீரோவும் நகரும். இன்னொண்ணு, இந்த சர்க்யூட் பிரிட்ஜிலிருந்து கொஞ்சம் கரன்ட்டையும் உறிஞ்சும். அளக்கப் போன பொருள்லயே கை வெச்ச மாதிரி.

இதுக்குத்தான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர். மூணு ஆப்-ஆம்ப் கூட்டணி. முதல் ரெண்டும் வாசல்ல நிக்கும். பிரிட்ஜிலிருந்து கரன்ட்டைக் கிட்டத்தட்ட எடுக்காமலே வித்தியாசத்தை மட்டும் பெருசாக்கும். ரெண்டுலயும் பொதுவா இருக்கற 2.5 வோல்ட் பெருகாது, அப்படியே தாண்டிப் போகும். மூணாவது ஆள் அதைக் கழிச்சு விடுவார். ரெசிஸ்டர்களை ஃபேக்டரியிலேயே லேசர் வெச்சு சரி பண்ணி, மொத்தத்தையும் எட்டு கால் ஐசிக்குள்ள அடைச்சிருக்காங்க. பெரியவர் எடுத்துக் கொடுத்தது ஏடி620. எத்தனை மடங்குன்னு முடிவு பண்ண வெளியே ஒரே ஒரு ரெசிஸ்டர். 49,400-ஐ அந்த ரெசிஸ்டரால வகுத்து ஒண்ணு கூட்டணும். 100 ஓம் போட்டா 495 மடங்கு. நம்ம 10 மில்லிவோல்ட் 4.95 வோல்ட் ஆயிடும்!

அடுத்த சந்துல அதே நம்பர் ஐசியைப் பாதி விலைக்கும் கீழே கொடுத்தாங்க. மேல எழுத்தை மாத்தி அச்சடிச்ச சரக்கு மார்க்கெட்டுல சுத்துறது ஊரறிஞ்ச விஷயம். அதனால எதை வாங்கினாலும் இந்த டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு 9 வோல்ட் பேட்டரியில ப்ளஸ், மைனஸ் சப்ளை கொடுத்து, ரெண்டு இன்புட்டையும் ஒண்ணா சேர்த்து தரையில் வையுங்க. அப்புறம் அப்படியே 2.5 வோல்ட்டுக்குத் தூக்குங்க. நல்ல ஐசின்னா அவுட்புட் ஒரு சில மில்லிவோல்ட்தான் அசையும். வோல்ட் கணக்குல குதிச்சா திருப்பிக் கொடுத்துடுங்க.

இதே தெருவுல 'ரெடிமேட் ப்ராஜெக்ட், ரிப்போர்ட்டோட சேர்த்து'ன்னு கூப்பிடுற போர்டையும் பார்ப்பீங்க. எச்.எக்ஸ்.711 மாட்யூல்னு ஒண்ணு இருக்கு, லோட் செல்லுக்குன்னே செஞ்சது. 128 மடங்கு ஆம்ப்ளிஃபையர், 24 பிட் ஏடிசி எல்லாம் உள்ளயே இருக்கு. அதை வாங்கறது தப்பே இல்ல. ஃபைனல் மெஷின்ல நாங்களும் அதைத்தான் மாட்டப் போறோம். ஆனா உள்ள யார் எதைக் கழிக்கிறாங்கன்னு தெரியாம மாட்டினா, 10 கிராம் ஆடும்போது எங்கே தேடுவீங்க? வைவாவுல மார்க் போறதை விடுங்க, பூக்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?

ஹாஸ்டல் ரூம்ல பிரெட்போர்டுல போட்டு, ஒயர்களை ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, தட்டுல ஒரு 10 ரூபாய் நாணயம் வெச்சோம். ரெண்டு மெட்டல்ல வர்ற அந்த நாணயம் 7.71 கிராம். கணக்குப்படி 7.6 மில்லிவோல்ட் ஏறணும். மல்டிமீட்டர் 7-க்கும் 8-க்கும் நடுவுல நின்னுச்சு. ஃபேனைப் போட்டா காத்துல தட்டு ஆடி, அதையும் காட்டுச்சு!

இப்போ அந்த மெஷின் ரூம்மேட் வீட்டுல இருக்கு. வியாபாரத்துக்குப் பயன்படுத்துற தராசுக்கு அரசு முத்திரை கட்டாயம். அதனால இது வீட்டுக் கணக்குக்கு மட்டும். அம்மா நோட்டுல ரெண்டு கட்டம் போட்டு எழுதுறாங்க, பறிச்சதும் இருந்த எடை, மண்டியில் சொன்ன எடை. கூடவே கால் கிலோ பூவை வீட்டுலயே வெச்சு மண்டி நேரத்துக்கு மறுபடி எடை போடுறாங்க. அது எவ்வளவு காயுதோ அவ்வளவுதான் ஈரத்தோட பங்கு. மிச்சம் இருந்தா கேட்கலாம், கையில் நோட்டோட.

ரிச்சிக்குக் கிளம்பறீங்களா? அரசினர் தோட்டம் மெட்ரோ, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ரெண்டுலயிருந்தும் நடந்துடலாம். ஞாயித்துக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் லீவு. சர்க்யூட்டை பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. கவுன்ட்டர்ல யாராவது "ரெசிஸ்டர் எத்தனை பர்சென்ட்?"னு கேட்டா அங்கேயே நின்னு கணக்குப் போடுங்க. அந்தத் தெருவுல காசு வாங்காம கிடைக்கிற ஒரே ஸ்பேர் பார்ட் அதுதான்!