சீம்பால் முதலில், பொட்டலம் பிறகு

செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களுக்கு ரைசோபியம் பொட்டலம் புதிதல்ல. ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது உயிர், வெயில் பட்டால் செத்துப்போகும், பூஞ்சாணக் கொல்லியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கன்றுக்கான புரோபயாட்டிக் பொட்டலம் தொழுவத்துக்கு வந்தால் அதை வெறும் மருந்தாகப் பார்க்கிறோம்: கழிந்தால் கொடுப்பது, நின்றால் நிறுத்துவது. நிலத்தில் கைவந்த அறிவு தொழுவத்துக்கும் வர வேண்டும் என்பதே என் வாதம். புரோபயாட்டிக் என்பது குடலுக்குள் அனுப்பும் உயிருள்ள நல்ல நுண்ணுயிர். பிரீபயாட்டிக் என்பது கன்றுக்குச் செரிக்காத, ஆனால் அந்த நுண்ணுயிருக்குத் தீனியாகிற சர்க்கரை வகை. ஒன்று விதை, மற்றது எரு. இரண்டுக்கும் முன்னால் நிலம் பண்பட்டிருக்க வேண்டும். கன்றின் குடலைப் பண்படுத்துவது சீம்பால்.

பசுவின் இரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போவதில்லை. எனவே கன்று காப்பு ஏதுமின்றித்தான் பிறக்கிறது. அந்தப் புரதங்களைச் சீம்பாலிலிருந்து முழுதாக உறிஞ்சும் திறன் குடலுக்கு முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும். மணிக்கு மணி குறைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் மூடிக்கொள்ளும். 25 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்பினக் கன்றுக்கு முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடுவது நல்லது. நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிற சர்க்கரைத் தொடர்களும் சாதாரணப் பாலைவிடச் சீம்பாலில் அதிகம். ஆக, இயற்கை தரும் முதல் பிரீபயாட்டிக்கும் அதுதான். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றை ஊட்ட விட வேண்டும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம்; குடல் அதுவரை காத்திருக்காது. கன்று காம்பைச் சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கவைத்து, கொடி விழவும் துணை செய்கிறது.

இனி பொட்டலத்தைப் பார்ப்போம். லாக்டோபேசில்லஸ் போன்றவை லாக்டிக் அமிலம் சுரந்து, குடல் சுவரில் இடம் பிடித்து, கெட்ட நுண்ணுயிர்களை நெருக்குகின்றன. ஈஸ்ட்டின் புறச்சுவரிலிருந்து எடுக்கும் மானன் சர்க்கரை வேறு வழியில் உதவுகிறது: குடல் சுவரைப் பற்ற வேண்டிய ஈ.கோலை அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேறுகிறது. ஆனால் பிறந்த முதல் சில நாட்களில் கடுங்கழிச்சல் தரும் கே99 வகை ஈ.கோலையின் பற்றுமயிர்கள் மானனைத் தேடுபவை அல்ல. கழிச்சல் தரும் ரோட்டா வைரஸோ பாக்டீரியாவே இல்லை. ஆகவே ஒரே பொடி எல்லாக் கழிச்சலையும் நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. நெரிசல், இடமாற்றம், தீவனக் குறை என்று நெருக்கடியில் வாடும் கன்றுகளிடம் பலன் தெரிகிறது. சுத்தமாகவும் வயிறு நிறையவும் வளரும் கன்றுகளிடம் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. பொடி வீண் என்பது இதன் பொருள் அல்ல. குறை உள்ள இடத்தில் அது தாங்கிப் பிடிக்கிறது. குறையை நீக்குவது வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

வீட்டு மோர் போதாதா என்று கேட்பார்கள். மோரிலும் உயிர் உண்டு. ஆனால் எந்த வகை, எத்தனை என்று தெரியாது, கன்றின் குடலில் தங்குமா என்பதற்கும் உறுதியில்லை. அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கே மேல் அல்லவா என்றால், அது நல்லதையும் சேர்த்தே அழிக்கும். நுண்ணுயிர்களுக்கு எதிர்ப்புத் திறனும் வளரும். வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே முழுவதுமாக நிறுத்திவிட்டது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் லாக்டோபேசில்லஸ் பொடியைக் கூடவே கொடுப்பது, பூஞ்சாணக் கொல்லியில் ரைசோபியத்தைக் கலப்பதற்குச் சமம். ஈஸ்ட் மட்டும் அதில் சாகாது. பொடியைக் கொதிக்கும் பாலில் போடாமல் வெதுவெதுப்பான பாலில் கரைக்க வேண்டும். கழிச்சல் கண்ட கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். எனவே முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல், கூடவே மருத்துவரின் உதவி. பாலை நிறுத்தக் கூடாது. பாலை விற்றால்தானே பிழைப்பு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சீம்பால் காய்ச்சினால் திரிந்துவிடும் என்பதால் பால் சங்கத்தில் எடுக்க மாட்டார்கள். பெரும் பலன் தரும் முதல் வேலைக்குப் பணச் செலவே இல்லை.

இதே செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் திருமடம் உள்ள ஊர். அவர்கள் போற்றும் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். பிறந்த கன்றை முதல் சில மணி நேரம் தாயிடம் விடாமல் கட்டிவைக்கும்போது முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தே நடக்கின்றன. அறம் குற்றம் என்று சொன்னதையே குடலின் இயல்பும் தவறு என்கிறது. கன்று எழுந்து நின்றதும் காம்பைக் கழுவி ஊட்ட விடுங்கள். பொட்டலத்தை அதன் பிறகு பிரிக்கலாம்.