உறைபனி நாட்களில் வீட்டுக்குள் இருப்பது



டிசம்பர் பாதி தாண்டியதும் நாளிதழ்களில் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்திலோ தலைகுந்தாவிலோ புல்வெளி முழுக்க வெள்ளையாக இருக்கும். அதன்மேல் நின்று சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். கீழே 'வெண்கம்பளம் விரித்தாற்போல்' என்று ஒரு வரி. அந்த வெள்ளையைக் காலால் மிதித்து விடிகாலையில் தெருக் கூட்டப் போகும் தூய்மைப் பணியாளர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். கொழுந்து கருகிவிட்டதால் வேலை இல்லாமல் லைன் வீட்டுக்குள் முடங்கியிருக்கும் குடும்பங்களும் இருக்காது. இரண்டு தரப்பிலும் பெரும்பாலோர் நம் ஆட்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தரப்பைப் பற்றியது. இங்கே 'நாங்கள்' என்று எழுதுவது, நீலகிரியின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்து, இன்று அதே லைன்களில் மாலை வகுப்பு நடத்தும் சிலரை. எங்கள் தாத்தா பாட்டிகள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த 5,25,000-க்குள் எங்கள் வீடுகளும் இருந்தன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் வனத்துறை வழியாக அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. பலர் அங்கே சேர்ந்தார்கள். எங்கள் வீட்டார் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள்.

குளிரைப் பற்றி முதலில் ஒரு பூகோளப் பாடம். உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால் மேட்டில் இருப்பவருக்கு இல்லாத பனி பள்ளத்தில் இருப்பவருக்கு விழும். இப்போது பழைய தோட்டம் ஒன்றின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். துரை பங்களா மேட்டில் இருக்கும். லைன் கீழே, ஓடைப் பக்கம் இருக்கும். பங்களாவில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு. லைனில் ஒற்றைச் சுவர், தகரக் கூரை, சமையல் அடுப்பு. ஊரும் சேரியும் மட்டுமல்ல, வெப்பமும் குளிரும் கூட யார் எங்கே இருப்பது என்று தீர்மானித்துத்தான் பிரிக்கப்பட்டது. லைனுக்குள்ளேயும் சாதி பார்த்து வீடு ஒதுக்கிய காலம் இருந்தது என்பதை எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

பனி விழுந்தால் கொழுந்து கருகும். கருகிய செடி மறுபடி துளிர்க்க வாரக்கணக்கில் ஆகும். பெரட்டுக்குப் போய் நின்றால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள். எடை குறைந்தால் 'அரைப்பேர்' தான் விழும். பாட்டிமார் இலங்கையிலிருந்து கொண்டு வந்த சொல் அது. அரை நாள் கூலி என்று பொருள். ஆளின் பேரையே பாதியாக வெட்டியது போல இருக்கும் அந்தச் சொல்.

ஆக, எங்கள் வீடுகளில் பனிக்காலம் என்றால் ஓய்வுக்காலம் என்று யாரும் சொன்னதில்லை. வேலை இல்லாத காலம் என்றுதான் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. கூலியோடு கிடைக்கும் நேரம்தான் ஓய்வு. கூலி போய்விட்ட நேரத்தை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? அது வெறும் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பை எப்படிக் கழித்தோம்?

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள விரிசலில் பழைய நாளிதழைப் பசை போட்டு ஒட்டுவது பிள்ளைகளின் வேலை. எங்களில் சிலர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தச் சுவரைப் பார்த்துத்தான். கதவுக்குக் கீழே சாக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கே எல்லோரும் அடுப்படிக்கு வந்துவிடுவோம். வாசலில் பறித்த கொழுந்து நல்ல தூளாகி எங்கோ போய்விட, எங்கள் டம்ளரில் டஸ்ட் டீ. பால் இல்லாத சாயம், கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லம். மாவு இருந்தால் தேங்காய் ரொட்டியும் சம்பலும். தரையில் கரியால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்திருப்போம்.

பாட்டிமார் கதை சொல்வார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபம் முகாமில் பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துரை கொடுத்த கறுப்புக் கம்பளியின் விலையையும் கணக்கப்பிள்ளை கடன் ஏட்டில் எழுதி வைத்தது. 'குளுருக்குப் போத்தினதுக்கும் கடன்டா நமக்கு' என்று ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். சமூகவியல் முதுகலையில் கொத்தடிமை முறை பற்றி எத்தனையோ பக்கம் படித்தோம். அந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஏக்கத்தோடு எழுதினால் பொய்யாகிவிடும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உட்காரவில்லை. ஆண்கள் சீட்டாடினார்கள். பெண்கள் எழுந்து எழுந்து போனார்கள். விறகு பொறுக்கப் போனதும், உறைந்த குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தோடு நின்றதும், எல்லோருக்கும் வெந்நீர் வைத்ததும் அவர்கள்தான். கணவனுக்கு வேலை இல்லாத நாள் மனைவிக்கு இன்னும் கூடுதல் வேலை நாள். வீட்டுக்குள் இருப்பது என்பதே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று. எங்கள் மாலை வகுப்பில் இப்போது ஒரு விதி உண்டு. தேநீர் போடுவதும் டம்ளர் கழுவுவதும் பையன்களின் முறை. முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது யார் போடும் டீ நன்றாக இருக்கிறது என்று போட்டியே நடக்கிறது.

வகுப்பில் பறையும் கற்றுக்கொடுக்கிறோம். குளிரிலும் ஈரத்திலும் பறையின் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் 'தொப்' என்று விழும். தீ மூட்டிக் காய்ச்சினால்தான் தோல் இறுகி நாதம் எழும். அதனால் மலையில் பறை கற்பவர்கள் பாதி நேரம் தீயருகில்தான் இருப்பார்கள். பறை காயும்போது நாங்களும் காய்வோம். சாவுக்கு அடிக்கச் சொல்லி அதட்டி அழைக்கப்பட்ட கைகளின் பேரப்பிள்ளைகள், அவர்களாக விரும்பி, அவர்கள் சொன்ன நேரத்தில் அடிக்கிறார்கள். குளிர்காலப் பொழுதுபோக்கு என்று யாராவது கேட்டால் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீயைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. சமவெளியிலிருந்து மலைக்கு வரும் மாணவத் தோழர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். குளிர் தாங்காமல் சட்டியில் கரி மூட்டி, கதவு ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வருகிறது. கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பிறகு மயக்கம். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. கரிச்சட்டி இருக்கும் அறையில் ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். தூங்கும் முன் சட்டியை வெளியே எடுத்து வையுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மேட்டில் இருக்கும் பங்களாவின் புகைபோக்கி அழகுக்காக வைத்ததல்ல என்பது இப்போது விளங்கும். உயிரோடு குளிர்காய்வதற்கும் ஒரு கட்டடம் தேவைப்படுகிறது. அந்தக் கட்டடம் லைனுக்குக் கொடுக்கப்படவில்லை.

பனிக்கால மாலைகளில் நாங்கள் அதிகம் செய்தது விண்ணப்பம் எழுதியதுதான். தாயகம் திரும்பியோர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. 'உங்கள் பூர்வீக ஊர் எது, அங்கே போய் வாங்கி வாருங்கள்' என்று ஒரு அலுவலகம் சொல்லும். மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த கிராமத்தில் எங்களை யாருக்குத் தெரியும்? இலங்கையில் கொடுத்த குடும்ப அட்டை, கடவுச்சீட்டின் பழைய பக்கங்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுப்பு வெளிச்சத்தில் படித்து, மனு எழுதுவோம். விரல் விறைத்தால் டம்ளரைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி எழுதுவோம். உதவித்தொகையும் விடுதியும் கல்லூரி இடமும் அந்தத் தாளில்தான் இருந்தன. எங்களில் சிலர் முதுகலைவரை வந்தது அந்த இரவுகளில் எழுதிய மனுக்களால்.

இந்த மலையில் குளிர்காலத்தில் ஒன்றுகூடி மனு எழுதியவர்களில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் வளர்ந்தவர். இரட்டைமலை சீனிவாசன் இளமையில் இங்கே கணக்கர் வேலை பார்த்தவர். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபையின் முதல் மாநாடு நீலகிரியில்தான் நடந்தது. பத்துத் தீர்மானங்கள். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துபவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் வேண்டும், படித்தவர்களுக்கு வேலை வேண்டும், உள்ளாட்சி மன்றங்களில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பவை அவற்றில் சில. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்கு 98 ஆண்டுகளுக்கு முன், இந்த மலையில், ஒரு டிசம்பர் மாதத்தில் அந்தக் கோரிக்கை எழுதப்பட்டுவிட்டது. மாலை வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி: 'அன்னிக்கும் இப்படித்தான் குளுருச்சா?'

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?' நூலில் ஓய்வைப் பற்றிப் பேசுகிறார். மனித வாழ்வை விலங்கின் வாழ்விலிருந்து பிரிப்பது பண்பாடு. பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். உழைக்கும் மக்களுக்கு அந்த ஓய்வைத் தரக்கூடியவை இயந்திரங்கள். எனவே இயந்திரத்தை வெறுக்கும் தத்துவம் எளியவர்களுக்கு உதவாது என்பது அவருடைய வாதம். நமக்கு உழைப்பின் பெருமையைச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். ஓய்வு நம் உரிமை என்று சொன்னவர் அவர். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து தாயம் ஆடுவதையும் கதை கேட்பதையும் 'நேரத்தை வீணாக்குகிறார்கள்' என்று சொல்லும் தோழர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை படிக்க வேண்டும்.

சட்டமும் ஏறக்குறைய இதையே ஒப்புக்கொண்டது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வீட்டைப் பற்றிப் பேசுகிறது. 13-ஆம் பிரிவு தொழிலாளருக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதிகளைப் பற்றிப் பேசுகிறது. 17-ஆம் பிரிவு மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி வழங்க மாநில அரசு விதி செய்யலாம் என்கிறது. ஒரு சட்டத்துக்குள்ளேயே கம்பளியும் கேரம் பலகையும் இருந்தன. இப்போது அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தில் எழுத்தில் இருந்தவை புதிய விதிகளில் எந்த அளவுக்குத் தங்குகின்றன என்று வரிவரியாகப் பார்க்க வேண்டிய வேலை சட்டம் படிக்கும் தோழர்களுடையது.

ஒவ்வொரு ஜனவரியிலும் கல்லூரிகளிலிருந்து நல்ல மனதோடு கம்பளி சேகரித்துக்கொண்டு மலைக்கு வருகிறார்கள். வாருங்கள். கொண்டு வருவதை வாங்கிக்கொள்கிறோம், குளிர் நிஜம். ஆனால் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் இறங்கிவிடாதீர்கள். ஒரு இரவு தங்குங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, ஜன்னல் எங்கே மூடவில்லை, தோட்ட நிர்வாகம் கடைசியாக எந்த ஆண்டு கம்பளி கொடுத்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். எழுதியதைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பும் மனுவில் உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். பிறகு தாயம் ஆடலாம். டீ உங்கள் முறை.

ஜெய்பீம்.