இருபத்தொன்பது நாட்கள்



கணினி விளையாட்டைப் பற்றிப் போதகர் எழுதுகிறார் என்றதும், பிள்ளைகளைக் கண்டிக்கப்போகிறார் என்று பெற்றோர் மகிழக்கூடும். இவ்வாரம் கண்டிக்கப்பட வேண்டியவன் நானே.

2020 ஊரடங்கின்போது என் மகன் சிங்கப்பூரில் ஓர் அறையில் தனித்திருந்தான். "சாப்பிட்டாயா?" என்பதற்கு அப்பால் எங்கள் தொலைபேசிப் பேச்சு வளரவில்லை. அவன் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடுவதை அறிந்திருந்தேன். "நீங்களும் வாருங்களேன், அப்பா" என்று ஒரு நாள் அழைத்தான். அவனோடு பேச ஒரு வழி கிடைத்தால் போதும் என்று எண்ணி நுழைந்தேன்.

2004ஆம் ஆண்டு வெளிவந்த அவ்விளையாட்டின் பழைய வடிவம் 2019இல் மீண்டும் வெளியிடப்பட்டிருந்தது. பல நாட்டவரும் ஒரே நேரத்தில் உலவும் கற்பனை உலகம் அது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, முதல் நிலையிலிருந்து அறுபதாம் நிலை வரை அதனை வளர்க்க வேண்டும். நான் குருவானவரின் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தபோது மகன் வாய்விட்டுச் சிரித்தான். காயப்பட்டோரைக் குணமாக்குவதும் விழுந்தோரை எழுப்புவதுமே அப்பாத்திரத்தின் பணி.

அதில் நான் கண்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். நானும் அவனும் காடுகளையும் பனிமலைகளையும் கடந்து நடந்தோம். நடக்கும்போது அவன் தன் வேலையைப் பற்றியும், இரவில் வரும் அச்சத்தைப் பற்றியும் பேசினான். எதிரெதிரே அமர்ந்து பேச இயலாதவற்றை, தோளோடு தோள் நடக்கையில் பேச முடிந்தது. அதற்காக இன்றும் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன்.

அறுபதாம் நிலையை எட்டியபின் விளையாட்டின் தன்மை மாறிற்று. பெரிய பகைவர்களை வெல்ல நாற்பது பேர் வரை ஒன்றுகூட வேண்டும். சிலர் முன்னின்று அடியைத் தாங்குவர், சிலர் தாக்குவர், சிலர் குணமாக்குவர். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. ஒருவர் எழுந்து போனால் மற்றவர்கள் மாண்டுபோக நேரிடும். வென்றாலும் நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளச் சில பொருள்களே கிடைக்கும். வீழ்ந்த பகைவன் அடுத்த வாரமே மீண்டும் தோன்றுவான். ஆகவே அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். பரிசின் ஆசையைவிட, "நம்மை நம்பி முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்" என்ற எண்ணமே என்னைக் கட்டிப்போட்டது. சனிக்கிழமை மாலை ஆறரை மணி எங்கள் குழுவின் நேரமாயிற்று.

2021 மே மாதம், மீண்டும் முழு ஊரடங்கு. ஒரு சனிக்கிழமை ஏழரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நம் சபையின் மூதாட்டி ஒருவர் அழைத்தார். கடும்போரின் நடுவில் இருந்தேன். முடிந்ததும் பேசலாம் என்று ஒலியை அடக்கினேன். இருமுறை அழைத்தார். நாங்கள் முடித்தபோது மணி ஒன்பதரை. நான் அழைத்தேன், அவர் எடுக்கவில்லை.

காலையில்தான் அறிந்தேன். மதுரையிலிருந்த அவருடைய தங்கை அன்று மாலை இறந்துவிட்டார். போய்ப் பார்க்க வழியில்லை. ஜெபிக்க ஒருவர் வேண்டும் என்றே அழைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன், "பரவாயில்லை ஐயா, பிரசங்கத்துக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்திருப்பீர்கள்" என்றார். அந்த நல்லெண்ணத்தைத் தாங்க முடியவில்லை. நடந்ததை உள்ளபடி அவரிடம் சொன்னேன்.

அவ்விளையாட்டில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தால், இதுவரை விளையாடிய நேரத்தைக் காட்டும். அன்று பார்த்தேன்: 29 நாட்கள், 4 மணி நேரம். இரவும் பகலுமாக ஏறக்குறைய ஒரு மாதம்.

அப்படியானால் அந்நேரம் முழுவதும் வீண்தானா? அவ்வாறு சொல்லத் துணியேன். நார்வே நாட்டில் மட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைகளை நலிவிக்கும் பிறவி நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014இல் 25ஆம் வயதில் மரித்தார். நண்பரின்றித் தனிமையில் விளையாடியே வாழ்நாளைக் கழித்தானே என்று பெற்றோர் வருந்தினர். மகன் எழுதிவந்த வலைப்பூவில் தந்தை மரணச் செய்தியை இட்டதும், இதே விளையாட்டில் அவரோடு பழகியவர்களிடமிருந்து மடல்கள் குவிந்தன. நெதர்லாந்துப் பெண் ஒருத்தியின் கணினியைப் பெற்றோர் பறித்து, அவள் துயரில் ஆழ்ந்திருந்தபோது, அவளுக்காக அப்பெற்றோருக்கே அவர் கடிதம் எழுதியிருந்தார். அடக்க ஆராதனைக்குப் பிற நாடுகளிலிருந்தும் நண்பர்கள் வந்தனர்.

மட்ஸ் செலவிட்ட மணிகள் என்னுடையவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். ஆயினும் அவர் அம்மணிகளில் மனிதரைக் கண்டுகொண்டார். நானோ நாற்பது பேரைக் காத்துக்கொண்டு, அழைத்த ஒருவரைக் கைவிட்டேன். எத்தனை மணி நேரம் என்ற கேள்வி தேவைதான். அந்நேரத்தில் நமக்காகக் காத்திருந்தவர் யார் என்ற கேள்வி அதனினும் தேவை.

குழுத் தலைவரிடம் விலகுவதாகச் சொன்னேன். இரண்டே நாளில் வேறொருவர் என் இடத்துக்கு வந்துவிட்டார். தொலைபேசியின் மறுமுனையில், அந்த மாலையில், என் இடத்துக்கு வேறு யாரும் இருந்திருக்கவில்லை.

மகனும் நானும் இப்போதும் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் நடக்கிறோம், இருவர் மட்டும். தொலைபேசி ஒலித்தால், "போய்ப் பேசுங்கள் அப்பா, நான் இங்கேயே நிற்கிறேன்" என்கிறான்.

பெற்றோரே, பிள்ளையின் கணினியை அணைக்குமுன் ஒரு முறை அருகில் அமர்ந்து, யாரோடு விளையாடுகிறாய் என்று கேளுங்கள். வாலிபரே, உங்கள் நாட்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அந்த நாட்களில் உங்களை அழைத்து ஓய்ந்தவர் யாரேனும் உண்டானால், இன்று அவரை அழையுங்கள்.

ஆண்டவரே, நீர் தந்த நாட்களை உமக்கு முன்பாக எண்ணிப் பார்க்கும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.