பன்னெண்டு அவரை விதை

இன்னிக்குக் காலையில கொல்லையில ஒரு முறம் அவரைக்காய் பறிச்சேன். பொங்கல் முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, கொடி இன்னும் சளைக்காம காய்ச்சுக்கிட்டே இருக்கு. அவரைக்காய் பறிச்சதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்கறீங்களா? இருக்குங்க. இந்தக் கொடி விஷயத்துல நான் பண்ணின ஒரு பாவத்தை எங்கேயாவது கொட்டிடணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

திருச்சியில நம்ம வீட்டுக் கொல்லை ஒண்ணும் பெரிசில்லை. இருபதடி நீளம், பத்தடி அகலம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலஞ்சு கத்தரிச் செடி, ரெண்டு நாட்டுக்கோழி. அரிசி களைஞ்ச தண்ணிகூட வீணாகாம செடிக்குத்தான் போகும்.

2016ல அம்மா போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு சாமான் பிரிச்சப்போ வெண்கலப் பானை அண்ணிக்கு, குத்துவிளக்கு எனக்குன்னு ஆச்சு. சமையல்கட்டுப் பரண்ல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே சாம்பல். சாம்பலைக் கொட்டினா அதுக்குள்ளே பன்னெண்டு அவரை விதை. கருப்பா, ஓரத்துல சுண்ணாம்பால கோடு போட்ட மாதிரி வெள்ளை. அதை யாரும் கேக்கலை. நான் எடுத்துட்டு வந்தேன்.

எங்க வீட்டு அவரைன்னா ஒரு தனி ருசிங்க. பட்டையான பச்சைக் காய், ஓரத்துல மட்டும் ஊதா ஓடியிருக்கும். அம்மா அதுல வைக்கிற பொரிச்ச குழம்புக்கு நாங்க அண்ணன் தங்கச்சி அடிச்சுப்போம். கடையில எத்தனையோ தரம் தேடிட்டேன், அந்தக் காய் கிடைச்சதே இல்லை.

ரெண்டு வருஷம் விதை சும்மாவே கிடந்தது. 2018 ஆடியில 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சொல்லிக்கிட்டு பன்னெண்டையும் ஊனினேன். ஆமாம், பன்னெண்டையும்! ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை. எட்டு முளைச்சுது. மூணைக் கோழி கிளறித் தள்ளிடுச்சு. பாக்கி அஞ்சுக்கும் ஓட்டைக் கூடையைக் கவுத்துக் காவல் காத்தேன்.

கொடி வளர்ந்தது பாருங்க... முருங்கை மேல ஏறி, மதில் தாண்டி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் போச்சு. ஆனா பூ? ஒண்ணே ஒண்ணுகூட இல்லை. ஆவணி போச்சு, புரட்டாசி வந்தாச்சு, வெறும் இலை. இத்தனைக்கும் அதே நாள்ல கடையில வாங்கிப் போட்ட குத்து அவரை பூத்துக் காய்ச்சு ரெண்டு தரம் பொரியலும் ஆயிடுச்சு. ரங்கமணி "கொசு வருது, பாம்பு வந்தாலும் தெரியாது"ன்னு தினமும் ஒரு பாட்டு. தெருவுல ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு "இது மலட்டுக்கொடிம்மா, விதை பழசாயிருக்கும்"னு சொல்லிட்டுப் போனார். எனக்கும் பொறுமை போயிடுச்சு. அக்டோபர் முதல் வாரம் அரிவாளை எடுத்து அஞ்சையும் அடியோட வெட்டிப் போட்டேன். பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு நாள் சாப்பிட்டுது.

அடுத்த மாசம் 16ஆம் தேதி கஜா புயல். பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தி வீடு. போன் போகலை, கரண்ட் இல்லை. அரிசி, மெழுகுவத்தி, பிஸ்கட்டெல்லாம் கட்டிக்கிட்டு நாலாம் நாள் போனோம். வழியெல்லாம் தென்னை சாஞ்சு கிடக்கு. சித்தி தோப்பிலயும் நிக்கிறதை எண்ணிடலாம், விழுந்ததை எண்ண முடியலை. ஓடு பாதி போயிடுச்சு. சித்தி மட்டும் திண்ணையில உக்காந்து நனைஞ்ச நெல்லைக் காய வெச்சுக்கிட்டு இருந்தாங்க.

கொல்லைப்பக்கம் போனேன். பந்தல் அப்படியே தரையில படுத்திருந்தது. அதுமேல பிய்ஞ்சு கிடந்தது ஒரு அவரைக்கொடி. காஞ்சு சுருண்ட இலைக்கு நடுவுல கொத்துக் கொத்தா ஊதாப் பூ. அங்கங்கே விரல்நுனி அளவுக்குப் பிஞ்சு. பிஞ்சோட ஓரத்துல ஊதா.

"சித்தி, இது...?"

"உங்கம்மா குடுத்த விதைதான். எத்தனையோ வருஷமாப் போடறேன். ஏன், உங்கிட்ட இல்லையா?"

வெட்டின கதையைச் சொன்னேன்.

"ஏண்டி, ஐப்பசி பொறக்காம கொடியவரை பூக்குமா? இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. தோப்பே போய் உக்காந்திருக்கிறவங்க முன்னாடி நான் ஒரு கொடிக்கு அழறேன்! வெக்கமா இருந்தது. சித்தி ஒண்ணும் சொல்லலை. உள்ளே போய் அடுக்குப் பானையில கை விட்டுத் துழாவி, சாம்பல் படிஞ்ச ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்தாங்க. போன தையில எடுத்த விதை. எண்ணிப் பதினஞ்சு எங்கிட்ட குடுத்தாங்க. பாக்கியைத் திரும்ப முடிஞ்சுக்கிட்டாங்க.

"எல்லாத்தையும் ஒரே வருஷத்துல போட்டுடாதே. பாதி போடு, பாதி வை. காய்ச்சப்புறம் நாலு பேருக்குக் குடு. உங்கம்மா எனக்குக் குடுத்ததாலதானே இன்னிக்கு உனக்குத் திரும்பக் கிடைச்சுது?"

அப்புறம்தான் இதைப் பத்திப் படிச்சேன். பழைய கொடியவரை ரகங்களுக்குப் பகல் குறையணும், ராத்திரி நீளணும். அப்பத்தான் பூக்கவே ஆரம்பிக்கும். நம்ம திருச்சியில ஜூன் கடைசியில பகல் சுமார் 12 மணி 45 நிமிஷம், டிசம்பர் கடைசியில சுமார் 11 மணி 30 நிமிஷம். வித்தியாசம் ஒண்ணேகால் மணி நேரம்தான். நமக்குத் தெரியறதே இல்லை, கொடிக்குத் தெரியுது! கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது, எந்த மாசம் போட்டாலும் காய்க்கும். நான் அதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான் தப்பு. தினமும் வேற தண்ணியும் உரமும் போட்டு இலையை ஊட்டி வளர்த்திருக்கேன்.

2019ல ஆறு விதை மட்டும் போட்டேன். அரிவாளைப் பரண்ல ஏத்திட்டேன் :-) கார்த்திகையில பூத்தது, மார்கழியில காய்ச்சுது. பனி நேரத்துல பூங்காம்பு முழுக்கக் கருப்பா அசுவினி அப்பிக்கிச்சு. முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சேன், அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில. நாலு நாள்ல பொறிவண்டும் வந்து சேர்ந்துடுச்சு, அதுக்கப்புறம் மருந்தே அடிக்கலை. அந்த வருஷம் பொரிச்ச குழம்பு வெச்சு அண்ணனுக்கு டப்பாவுல கொண்டு போனேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசாம இருந்தார். அண்ணி "என்ன, உப்பு கம்மியா?"ன்னு கேட்டாங்க. "இல்லே, சரியா இருக்கு"ன்னார். அவ்வளவுதான்.

இப்ப வருஷா வருஷம் நல்ல காயா இருபதைக் கொடியிலேயே விட்டுடுவேன். காஞ்சு உள்ளே கலகலன்னு சத்தம் வரணும். உரிச்சு, நல்லா காய வெச்சு, சலிச்ச விறகுச் சாம்பல்ல புரட்டி பாட்டில்ல போட்டா வண்டு கிட்ட வராது. அவரை பெரும்பாலும் தன் பூவுலேயே தானே மகரந்தம் சேர்ந்து காய்க்கிற செடி, அதனால அடுத்த வருஷமும் அதே காய்தான் வரும். கடையில வாங்கற வீரிய ஒட்டுக் கத்தரியில இப்படி விதை எடுத்தா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு தினுசா வரும், ஏமாந்துடாதீங்க.

போன வருஷம் ஆடியில சித்தி போன் பண்ணாங்க. பானை கிட்ட மழைத்தண்ணி ஒழுகி, விதையெல்லாம் பூசணம் பிடிச்சுப் போச்சாம். குரல் ஒரு மாதிரி இருந்தது. "இருக்கு சித்தி, எங்கிட்ட பாட்டில் நிறைய இருக்கு"ன்னேன். பட்டுக்கோட்டைக்குப் போற தெரிஞ்ச பையன்கிட்ட முப்பது விதையைப் பொட்டலம் கட்டிக் குடுத்தனுப்பினேன். தபால்லயே அனுப்பலாம்னு ரங்கமணி சொன்னார். எனக்கு மனசு வரலை.

கார்த்திகையில மறுபடி போன்.

"பூத்துடுச்சுடி."

எதிர்வீட்டுக்கு, ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு, அண்ணன் பொண்ணு மொட்டைமாடித் தொட்டிக்குன்னு இந்த வருஷத்துக்கும் பொட்டலம் பிரிச்சாச்சு. உங்க வீட்டுல அம்மா, பாட்டி வெச்சிருந்த விதை ஏதாவது பரண்ல கிடக்குதா? போய்ப் பாருங்க. இருந்தா எல்லாத்தையும் ஒரேயடியா ஊனிடாதீங்க. கொடி பூக்கலைன்னா மார்கழி வரைக்குமாவது அரிவாளைத் தொடாதீங்க!

சரி, முறத்துல காய் காத்துக்கிட்டு இருக்கு. நார் உரிக்கணும். வரட்டா?